நரம்பு என்றால் எந்த நரம்பு?

எங்கள் வீடுகளில் "நரம்பு" என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை வேலை! கையில் நீலமாகப் புடைத்திருப்பதும் நரம்பு, இரவில் கெண்டைக்காலில் பிடித்து இழுப்பதும் நரம்பு. உயிரியல் பாடத்தில் முதலாவது நாளம். அதில் ஓடுவது இரத்தம். இரண்டாவது தசை. உண்மையான நரம்பைக் கண்ணால் காண்பது அரிது. ஆனால் முழங்கையின் உட்பக்கம் மேசையில் இடிபட்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போல் சுரீரென்கிறதே, அது அசல் நரம்பு. செய்தி கொண்டு போவதுதான் அதன் தொழில். தோலிலிருந்து முண்ணாணுக்கும் மூளைக்கும் செய்தி கொண்டு போவது புலன் நரம்பு. அங்கிருந்து தசைக்குக் கட்டளை கொண்டு வருவது இயக்க நரம்பு.

சொல் தடுமாறினால் வைத்தியமும் தடுமாறும். போன வருடம் எங்கள் உம்மும்மா விழுந்து, தொடை என்பின் கழுத்துப் பகுதி முறிந்து வார்ட்டில் இருந்தார். டொக்டர் சிங்களத்தில், "ஹிரி வெட்டெனவத?" என்று கேட்டார். நான், "கால் விறைக்குதா உம்மும்மா?" என்றேன். "ஓம் மகள், விறைச்சுப் போய்த்தான் கிடக்கு" என்றார். தமிழில் அசைக்க முடியாமல் இறுகுவதும் விறைப்பு, உணர்ச்சி இல்லாமல் மரத்துப் போவதும் விறைப்பு. டொக்டருக்குத் தேவையானது இரண்டாவது. அது இருந்தால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே பாதத்தைத் தொட்டு, "தெரியுதா?" என்றேன். "தெரியாம என்ன, உன்ட கை ஐஸ் மாதிரி இருக்கு!" அப்படியானால் மரத்துப் போகவில்லை. அதையே டொக்டரிடம் சொன்னேன்.

அடுத்த கலக்கம் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்போது வந்தது. "மயக்க மருந்து" என்றதும் இந்த வயதில் எழும்புவாரா என்று எல்லோருக்கும் பயம். அனஸ்தீசியா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் மயக்கம் அல்ல, உணர்ச்சியின்மை. முழு மயக்கம் அதில் ஒரு வகை மட்டுமே. பல் பிடுங்க ஈறில் போடும் ஊசி இன்னொரு வகை. உம்மும்மாவுக்குக் கொடுத்தது முதுகில் போடும் ஊசி. அதில் நாரிக்குக் கீழே மட்டும் உணர்ச்சி போகும், ஆள் விழித்திருக்கலாம்.

"முள்ளந்தண்டில் குத்தினால் கால் வராமல் போகுமே" என்றார் மாமா. வளர்ந்தவர்களின் முண்ணாண் முதலாம், இரண்டாம் நாரி முள்ளென்புகளின் மட்டத்தில் முடிந்துவிடும். ஊசி அதற்குக் கீழேதான் போகிறது. அங்கே இருப்பது குதிரை வாலைப் போல் தொங்கும் நரம்பு வேர்களும் அவற்றைச் சூழ்ந்த திரவமும்தான். நிரந்தரமான பாதிப்பு மிக மிக அரிது. மருந்து நரம்பின் சோடியம் வாயில்களை அடைக்கிறது. சோடியம் அயன் உள்ளே வராவிட்டால் செய்தி ஓடாது. நோவைக் கடத்தும் மெல்லிய நார்கள் முதலில் அடைபடும். அதனால்தான் சிலருக்கு இழுபடுவது தெரியும், நோகாது. மருந்து கரைந்ததும் வாயில்கள் திறந்துவிடும்.

முன்னிரவு முதல் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்றார்கள். "நோன்புதானே" என்று உம்மும்மா சிரித்தார். முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் இருமலும் விழுங்கலும் நின்றுவிடும். வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போகலாம். காரணம் அதுதான். ஒளித்து ஒரு வாய் தேநீர் கொடுக்கும் பாசம் இங்கே ஆபத்து.

பிறகு மூட்டு அசைவுகள். இடுப்பு பந்துக்கிண்ண மூட்டு. எல்லாப் பக்கமும் அசையும். முழங்கால் பிணையல் மூட்டு, கதவைப் போல். ருகூஉவில் இடுப்பு மடங்கும், முழங்கால் நீண்டிருக்கும். ஸுஜூதில் இரண்டுமே நன்றாக மடங்கும். காலை நடுக்கோட்டிலிருந்து விலக்குவது அப்டக்‌ஷன், நடுக்கோட்டுக்குச் சேர்ப்பது அடக்‌ஷன். ஓரெழுத்தில் எதிர்ப்பொருள்! விலக்கல், சேர்த்தல் என்ற தமிழில் அந்தக் குழப்பமே இல்லை. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் கற்பித்தார்; 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூலையும் தமிழில் வெளியிட்டார்.

புதிய மூட்டு வைத்தபின் உம்மும்மாவுக்குச் சில வாரங்களுக்கு மூன்று தடைகள்: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, காலுக்கு மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உட்பக்கம் திருப்பக் கூடாது. மீறினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவலாம். எல்லா ஒப்பரேஷனுக்கும் இதே விதியல்ல. அவரவர் டொக்டரைக் கேட்க வேண்டும். உம்மும்மா உயரமான கதிரையில் அமர்ந்து தொழுதார். தாழ்வான கதிரையை யாராவது நீட்டினால், "தொண்ணூறு, தொண்ணூறு" என்பார்.