மினுக்கும் விளக்குகள் – 9: லாடத்துக்குள் ஆச்சரியக்குறி

போன வாரம் என்ஜின் விளக்கோடு மல்லுக்கட்டினோம். டயர் விளக்கை ரீசெட் செய்வது எப்படி என்பது இந்த வாரக் கடன். விட்டுப்போனவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம்.

கடனை அடைக்கும் முன் ஒரு கல்யாணக் கதை. இதைப் படித்ததிலிருந்து டயர் என்றாலே எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

1947-இல் ஹென்றி ஃபோர்டின் பேரன் வில்லியம் கிளே ஃபோர்டு, ஹார்வி ஃபயர்ஸ்டோனின் பேத்தி மார்த்தாவைக் கைப்பிடித்தார். கார்க்காரர் வீடும் டயர்க்காரர் வீடும் சம்பந்தி ஆயின. தாத்தாக்கள் இருவரும் அதற்கு முன்பே கூட்டாளிகள். தாமஸ் எடிசனையும் அழைத்துக்கொண்டு காடு மலையெல்லாம் கூடாரம் போட்டுத் திரிந்தவர்கள். ஃபோர்டு கார்களுக்கு ஃபயர்ஸ்டோன் டயர் என்பது 1906-லேயே தொடங்கிய உறவு. அந்தத் தம்பதியின் மகன், அதாவது இரண்டு தாத்தாக்களுக்கும் கொள்ளுப்பேரன், பில் ஃபோர்டு. 2000-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனத்தின் சேர்மன் அவர்தான். சண்டை வெடித்ததும் அதே ஆண்டில்தான். (ஃபயர்ஸ்டோன் 1988-லேயே ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் கைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும்தான் குடும்பத்துப் பெயர்.)

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டயரின் மேல்பட்டை உரிந்து, வண்டி உருண்டு, ஆட்கள் செத்தார்கள். அமெரிக்க அரசின் கணக்கில் 271 பேர். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. உங்கள் டயர்தான் மோசம் என்றது ஃபோர்டு. உங்கள் வண்டிதான் கவிழ்கிறது என்றது ஃபயர்ஸ்டோன். 2001 மே மாதம் டயர்க்காரர்கள் உறவை முறித்துக் கடிதம் கொடுத்தார்கள். மறுநாளே, இன்னும் 1 கோடியே 30 லட்சம் ஃபயர்ஸ்டோன் டயர்களை மாற்றித் தருகிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது. ஏறக்குறைய 95 வருஷத்துச் சம்பந்தம் அதோடு சரி.

அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப வந்த ஓர் எண் 26. எக்ஸ்ப்ளோரருக்கு 26 பி.எஸ்.ஐ. காற்று போதும் என்று ஃபோர்டு சொல்லியிருந்தது. அது போதாது, 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். காற்று குறைந்த டயர் சுற்றுக்குச் சுற்று நசுங்கி நசுங்கி நிமிரும், அதில் சூடேறும். வெயிலும் வேகமும் பாரமும் சேர்ந்தால் ரப்பரும் உள்ளிருக்கும் கம்பிப் பின்னலும் பிரிந்துவிடும். குற்றம் யார் மேல் என்பது தீரவேயில்லை. ஆனால் 2000 நவம்பர் 1-ஆம் தேதி அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், டயரில் காற்று குறைந்தால் ஓட்டுநருக்குத் தெரிந்தாக வேண்டும் என்றது. 1986-லேயே போர்ஷே 959 காரில் ஆடம்பரமாக வந்த ஏற்பாடு, 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவின் புதிய கார் ஒவ்வொன்றிலும் கட்டாயமானது. லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டதுபோல் உங்கள் டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கு அந்த வழியில் வந்ததுதான். லாடம் அல்ல அது, குறுக்கே வெட்டிய டயர்.

அந்தச் சட்டம் கேட்டது, சொன்ன அளவில் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை. கதவில் 33 என்று ஒட்டியிருந்தால், கிட்டத்தட்ட 25-க்கு இறங்கும்வரை விளக்கு சும்மா இருக்கலாம். விளக்கு எரியவில்லை, காற்று சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இடம் கரைந்துகொண்டே வருகிறது, ரீசெட்டுக்கு வருகிறேன்.

காற்று குறைவதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டில் இரண்டு வகை. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், வால்வின் அடியில், சிறிய சென்சார் உண்டு. அழுத்தத்தை அளந்து வானொலி அலையில் அனுப்பும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் சரியாகக் காற்றடித்துச் சற்று தூரம் ஓட்டினாலே விளக்கு அணைந்துவிடும். இன்னொரு வகையில் டயருக்குள் எதுவுமே கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் வேக சென்சார்களே வேலையைப் பார்க்கின்றன. காற்று குறைந்த டயரின் சுற்றளவு துளி சிறுக்கும், அதனால் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. ஆனால் இதற்கு எத்தனை பி.எஸ்.ஐ. என்று தெரியாது. "இப்போது இருப்பதுதான் சரி" என்று நாம் சொல்லித்தர வேண்டும். அதற்குத்தான் ரீசெட்.

கொடுமை இங்கேதான். பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவர் ஹோஸைப் பிடித்தபடி "எவ்ளோ சார்?" என்பார். "நீங்களே பாத்து வைங்கண்ணே" என்போம். அவர் எல்லா வண்டிக்கும் வைக்கிற எண்ணையே வைப்பார். அதிலும் பாதிப் பேர் காற்றே அடிக்காமல், விளக்கு கண்ணை உறுத்துகிறதே என்று பட்டனை மட்டும் அமுக்கிவிடுகிறார்கள். வண்டியும் அந்தக் குறைந்த காற்றையே சரியானது என்று மனப்பாடம் செய்துகொள்கிறது. அப்புறம் அது எதை வைத்து எச்சரிக்கும்?

முறை இதுதான். வண்டி மூன்று மணி நேரமாவது நின்று டயர் ஆறியிருக்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றடியுங்கள், முன்னும் பின்னும் வேறு வேறாக இருக்கலாம். பிறகு இக்னிஷனைப் போட்டு, வண்டி நின்ற நிலையில், ரீசெட் பட்டனைச் சில நொடி அமுக்குங்கள். பட்டன் இல்லாத வண்டிகளில் திரையின் செட்டிங்ஸில் டயர் பகுதிக்குள் இருக்கும். அதன்பின் கொஞ்ச நேரம் ஓட்டினால்தான் வண்டி கற்றுக்கொள்ளும். பஞ்சர் ஒட்டினாலும், டயர்களை இடம் மாற்றினாலும் மறுபடி செய்ய வேண்டும். காற்றடித்த மறுநாளே விளக்கு திரும்ப எரிந்தால் பட்டனை விட்டுவிட்டு ஆணியைத் தேடுங்கள்.

விளக்கு ஒரு நிமிஷம் மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால் பழுது காற்றில் இல்லை, அமைப்பில். முதல் வகையில், சக்கரத்துக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி ஐந்து முதல் பத்து வருஷம் வரும். தனியாக மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். டயரைக் கழற்றும்போது கடப்பாரை பட்டாலும் அது உடையும். பஞ்சர் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்டெப்னிக்குள் சென்சார் இல்லாவிட்டால் என்ன ஆகும், 2020-இல் நம் நாட்டு விதி மாறியபின் சில வண்டிகளில் ஸ்டெப்னியே ஏன் காணாமல் போனது என்பதெல்லாம் அடுத்த வாரம். அதற்குள் நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன், கதவு ஸ்டிக்கரில் உள்ள இரண்டு எண்களையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் கேட்டால் காட்டலாம்.