கதவு திறந்தாலும் கால் ஏன் நகர்வதில்லை?



ஒரு தோட்டத்து வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "அக்கா மகன் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து நாலு வருஷமாகிறது. சம்பளத்தை அப்படியே அங்கே கொடுத்துவிடுகிறான். தங்கை கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அவனை யாரும் சங்கிலி போட்டா கட்டி வைத்திருக்கிறார்கள்? வரலாம்தானே! புத்தி கெட்டுவிட்டதா அவனுக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் இன்று விடை காணப்போகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் சமயத்தையும் குறை கூறுவது என் நோக்கமல்ல. கோயிலுக்குப் போவதும், விரதம் இருப்பதும், பத்துப் பேர் கூடிப் பஜனை பாடுவதும் மனத்துக்கு நல்லவை. நான் சொல்ல வருவது வேறு. யாரோடு பேசலாம், சம்பளத்தை என்ன செய்யலாம், யாரை மணக்கலாம் என்பதையெல்லாம் ஒரே மனிதர் தீர்மானிக்கும் கூட்டங்கள் சில உண்டு. அங்கே கேள்வி கேட்டால் பாவம், வெளியேறினால் துரோகம். அப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் ஏன் தங்கிவிடுகிறார்கள் என்பதே நம் பேச்சு.

இதற்கு உலகமே அறிந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். அது நடந்த இடம் தென் அமெரிக்காவில் உள்ள கயானா. நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறியது போலவே, 1838ஆம் ஆண்டு முதல் இந்தியத் தொழிலாளர்கள் அங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு. ஆனால் நாம் பேசப்போவது அவர்களைப் பற்றியல்ல. அதே நாட்டின் காட்டுக்குள் வந்து குடியேறிய அமெரிக்கர்களைப் பற்றி.

ஜிம் ஜோன்ஸ் என்ற போதகர் 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் 'மக்கள் ஆலயம்' என்ற சபையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே பலகையில் உட்கார்ந்து வழிபடுவது அபூர்வம். அந்தச் சபையில் உட்கார்ந்தார்கள். ஏழைகளுக்கு அங்கே இலவச உணவு கிடைத்தது. கவனிப்பாரற்ற முதியவர்களுக்கு இல்லங்கள் இருந்தன. நேயர்களே, அங்கே போனவர்கள் கெட்டதைத் தேடிப் போகவில்லை. மரியாதையையும் அன்பையும் தேடிப் போனார்கள். தொடக்கத்தில் அவை கிடைக்கவும் செய்தன.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டது. முதலில் வருமானத்தில் ஒரு பங்கு. பின்னர் முழுச் சம்பளம். அப்புறம் வீடும் நிலமும். முதியவர்கள் தங்கள் உதவித்தொகைக் காசோலைகளையும் சபையிடம் கொடுத்தார்கள். செய்யாத குற்றத்தைச் செய்ததாகச் சிலரிடம் கையெழுத்து வாங்கி வைக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டு, பத்திரிகைகள் சபையைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, ஏறக்குறைய ஆயிரம் பேர் கயானாக் காட்டில் அமைத்த 'ஜோன்ஸ்டவுன்' என்ற குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கடப்பிதழ்கள் வாங்கி வைத்துக்கொள்ளப்பட்டன. கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டன. ஒலிபெருக்கியில் ஜோன்ஸின் குரல் ஓயாமல் கேட்டது.

உறவினர்கள் முறையிட்டதால், லியோ ரயன் என்ற அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் 1978ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி அங்கே நேரில் சென்றார். அன்றிரவு பாட்டும் விருந்தும் நடந்தன. பலர், தங்கள் வாழ்க்கையிலேயே மிக நல்ல இடம் இதுதான் என்றார்கள். ஆனால் அதே கூட்டத்தில் ஒருவர், 'ஜோன்ஸ்டவுனிலிருந்து வெளியேற எங்களுக்கு உதவுங்கள்' என்று ஒரு துண்டுச் சீட்டை இரகசியமாகப் பத்திரிகையாளர் ஒருவர் கையில் வைத்துவிட்டார். மறுநாள், வெளியேற விரும்புவதாகச் சொன்னவர்கள் பதினைந்து பேரளவில் ஆனார்கள். அப்போது ஒரு காட்சி. ஒரு தந்தை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். தாயோ விடமாட்டேன் என்று கதறுகிறார். அந்தக் குடும்பம் கடைசிவரை அங்கிருந்து புறப்படவே இல்லை.

அன்று மாலை, விமானத் திடலில் ரயனும் வேறு நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். குடியிருப்பிலே நஞ்சு கலந்த பானம் முதலில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. அந்த ஒரே நாளில் மாண்டவர்கள் மொத்தம் 918 பேர். அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். பலர் இதைத் தற்கொலை என்று எழுதினார்கள். பால்குடிக் குழந்தை எதைத் தீர்மானிக்கும்? சுற்றிலும் ஆயுதக் காவல் நின்றபோது பெரியவர்கள்தாம் எதைத் தீர்மானிக்க முடியும்? அதைக் கொலை என்று சொல்வதே பொருத்தம்.

சரி, காட்டுக்குப் போகுமுன்பே, நகரத்தில் கதவு திறந்திருந்தபோதே, ஏன் பலர் வெளியேறவில்லை?

முதல் காரணம், படி படியாக ஏறியது. அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1966ஆம் ஆண்டு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 'கவனமாக வண்டி ஓட்டுங்கள்' என்ற பெரிய, அழகற்ற பலகையை வீட்டு முற்றத்தில் நட்டுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார்கள். நேரடியாகக் கேட்டபோது நூற்றுக்கு 17 பேர்தான் சம்மதித்தார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் அதே கருத்துள்ள சின்னஞ்சிறு அட்டையை ஒட்டச் சம்மதித்திருந்தவர்களில் நூற்றுக்கு 76 பேர் பெரிய பலகைக்கும் சரி என்றார்கள். சிறியதற்குத் தலையாட்டியவருக்குப் பெரியதை மறுப்பது கடினமாகிவிடுகிறது.

இரண்டாவது, நன்றி. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையாதே என்று நம் பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். 'பசித்தபோது சோறு போட்டார்களே, பிள்ளை நோயாய்க் கிடந்தபோது வந்து பார்த்தார்களே' என்ற நினைவு காலைக் கட்டிவிடுகிறது. நல்ல குணமே விலங்காகிவிடுகிறது.

மூன்றாவது, கொடுத்ததை எண்ணும் மனம். பத்து ஆண்டு உழைப்பையும் வீட்டையும் கொடுத்தவர், 'இது தவறு' என்று ஒப்புக்கொண்டால், பத்து ஆண்டும் வீண் என்று ஒப்புக்கொண்டதாகும். அந்த வலியைத் தாங்குவதைவிட, 'இன்னும் கொஞ்சம் பொறுத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நம்புவது எளிது.

நான்காவதுதான் மிகப் பெரியது. கணவன் உள்ளே, பிள்ளை உள்ளே, தோழிகள் உள்ளே, படுக்கும் பாயும் உள்ளே. வெளியே என்ன இருக்கிறது? பேச்சு நின்றுபோன உறவும், 'அன்றே சொன்னோமே' என்ற ஏளனமும்தான். ஆகவே அவர் தங்குவது புத்தி கெட்டதால் அல்ல. வெளியே வந்தால் நிற்க ஓர் அடி மண் இல்லை என்று நினைப்பதால்தான்.

ஆனால் நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஐலீன் பார்க்கர் என்ற சமூகவியல் அறிஞர், பிரிட்டனில் வேறொரு சமயக் குழுவின் முகாம்களை ஆராய்ந்து 1984ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். 1979ஆம் ஆண்டு முகாமுக்கு வந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களில், நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நிலைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் இல்லை. மந்திரம் போட்டு மனத்தைப் பூட்டிவிட்டார்கள் என்பது உண்மையல்ல. மனிதர்கள் யோசிக்கிறார்கள், பலர் தாமாகவே திரும்பி வருகிறார்கள்.

அப்படியானால் வீட்டில் உள்ள நாம் என்ன செய்ய வேண்டும்? முதலில், ஏளனத்தை விட வேண்டும். 'உன் குரு ஏமாற்றுக்காரர்' என்று நாம் திட்டத் திட்ட, அவன் குருவுக்காக வாதாடத் தொடங்குவான். தீபாவளிக்கு அழையுங்கள். வராவிட்டால் அடுத்த தீபாவளிக்கும் அழையுங்கள். தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கைக்குக் குழந்தை பிறந்தது என்று வீட்டுச் செய்தியைச் சொல்லி அனுப்புங்கள். 'எப்போது வந்தாலும் உனக்கு ஒரு தட்டுச் சோறு உண்டு; காரணம் கேட்க மாட்டோம்' என்று ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகள் அடிபடுகிறார்கள், யாரையாவது அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்.

புதிதாக ஒரு கூட்டத்துக்குப் போகிறவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அடையாளக் கார்டும் சேமநிதிப் பணமும் என் கையில் இருக்குமா? சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்கலாமா? கூட்டத்தில் சேராத சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வரலாமா? நாளைக்கு விலகினால் இவர்கள் என்னோடு பேசுவார்களா? நான்குக்கும் 'ஆம்' என்றால் அஞ்ச வேண்டியதில்லை. ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தாலும், அந்த இடத்திலேயே நின்று யோசியுங்கள்.

முடிப்பதற்கு முன் ஒரு செய்தி. ஜோன்ஸ்டவுன் அழிந்த அதே நாள் காலையில், 11 பேர் உல்லாசப் பயணம் போவதுபோல் புறப்பட்டுக் காட்டுக்குள் நடந்தார்கள். அவர்களில் ஓர் இளந்தாய் தன் மூன்று வயது மகனைத் துணியால் முதுகில் கட்டிச் சுமந்து நடந்தாள். நாளெல்லாம் நடந்து வேறோர் ஊரை அடைந்து, அந்தப் பதினொரு பேரும் உயிர் தப்பினார்கள். அவர்களும் மற்றவர்களைப் போலவே நம்பி வந்தவர்கள்தாம். வெளியே ஓர் உலகம் இன்னும் இருக்கிறது என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது.

உள்ளே இருப்பவருக்கு அந்த எண்ணம் அணையாமல் பார்த்துக்கொள்வது வெளியே இருக்கும் நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் ஒரு விளக்கு எரியட்டும்.