பம்பாயை எரித்த சரக்குக் கப்பல்

கட்டி முடித்து இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. அதற்குள் 'போர்ட் ஸ்டிகீன்' என்னும் சரக்குக் கப்பலின் சரித்திரம் முடிந்து போயிற்று. முடிந்தபோது அது பம்பாய்த் துறைமுகத்தையும் அருகிலிருந்த பேட்டைகளையும் கூட அழைத்துக்கொண்டு போயிற்று.

ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் சமுத்திரத்தில் சரக்குக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்து வந்த காலம் அது. அவற்றை ஈடுசெய்யக் கானடா தேசத்தில், ஒரே அச்சில் வார்த்தாற்போல், அவசர அவசரமாகக் கப்பல்கள் கட்டினார்கள். பழைய கோட்டைகளின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார்கள். 1942-ல் பிரின்ஸ் ரூபர்ட் என்னும் ஊரில் பிறந்த நமது கப்பல் 7,142 டன் கொண்டது.

1944-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் துறையிலிருந்து அது புறப்பட்டது. அதன் வயிற்றில் ஏறத்தாழ 1,400 டன் வெடிப்பொருள்கள், யுத்த விமானங்கள், பாளம் ஒன்று 28 ராத்தல் வீதம் 124 தங்கப் பாளங்கள். கராச்சியில் சில சரக்கு இறங்கிற்று. இடத்தைச் சும்மா விடலாமா? 8,700 பஞ்சுப் பொதிகளையும், எண்ணெய்ப் பீப்பாய்களையும், மரத்தையும் ஏற்றினார்கள். காப்டன் நெய்ஸ்மித் ஆட்சேபித்துப் பார்த்தார். யுத்த காலத்தில் கப்பலில் இடம் கிடைப்பதே அருமை என்று வாயை அடைத்துவிட்டார்கள். வெடிமருந்து இருந்த இரண்டாம் நம்பர் அறையிலேயே பஞ்சும் ஏறிற்று. நம் வீட்டுப் பெண்மணிகள் மண்ணெண்ணெய்ப் புட்டியை அடுப்பங்கரையில் வைக்கமாட்டார்கள்!

ஏப்ரல் 12-ந் தேதி கப்பல் பம்பாய் விக்டோரியா துறைக்குள் வந்து கட்டப்பட்டது. வெடிமருந்துக் கப்பல் என்பதற்கு அடையாளமான சிவப்புக் கொடி அதில் பறக்கவில்லை. இரண்டு நாள் சென்ற பின்னும் வெடிமருந்தில் பெரும்பகுதி உள்ளேயே கிடந்தது.

14-ந் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டாம் அறையிலிருந்து புகை கிளம்பிற்று. தீயணைப்புப் படையினர் ஓடி வந்தனர். 900 டன்னுக்கு மேல் ஜலத்தைக் கொட்டியும் பஞ்சுத் தீ அடங்கவில்லை. கப்பலை வெளிக் கடலுக்கு இழுத்துப் போவதா, நின்ற இடத்திலேயே மூழ்கடிப்பதா என்று அதிகாரிகளிடையே அபிப்பிராயபேதம். 'இப்படிச் செய்' என்று துணிந்து உத்தரவிட ஒருவர் இல்லை. 3 மணி 50 நிமிஷத்துக்கு மாலுமிகள் இறங்கலாயினர். தீயணைப்பாளர்கள் குழாய்களை விடவில்லை.

4 மணி 6 நிமிஷத்துக்குக் கப்பல் வெடித்தது. அரைமணிக்குள் இன்னொரு வெடி. ஆயிரம் மைலுக்கப்பால் சிம்லாவிலிருந்த பூகம்பமானி அந்த அதிர்ச்சியைப் பதிவு செய்தது. ஸிந்தியா கம்பெனியின் 'ஜலபத்மா' கப்பல், சுமார் 4,000 டன் எடையுள்ளது, அடியோடு தூக்கி எறியப்பட்டுக் கரையிலிருந்த கிடங்கின்மேல் விழுந்து கிடந்தது. எரியும் பஞ்சு வானத்திலிருந்து மழையாகப் பெய்தது. குடிசைகளும் தானியக் கிடங்குகளும் பற்றிக்கொண்டன. வங்காளத்தில் பஞ்சத்தால் லட்சக்கணக்கானோர் மடிந்ததற்கு மறு வருஷம், இங்கே அரிசியும் தானியமும் சாம்பலாயின. சுமார் 80,000 பேர் வீடிழந்தனர். இடிபாடுகளை அகற்ற 8,000 பேர் ஏழு மாதம் பாடுபட்டனர்.

இந்தச் செய்தியை உலகத்துக்கு முதலில் சொன்னது யார்? ஜப்பானியர் வசமிருந்த ஸைகோன் ரேடியோ, மறுநாளே! பிரிட்டிஷ் சர்க்காரின் தணிக்கை அதிகாரிகளோ மே மாதம் இரண்டாம் வாரத்தில்தான் பத்திரிகைகளின் கட்டை அவிழ்த்தனர். சன்னல் நொறுங்கிய வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கும் அது ரகசியமாம்! சதிவேலை என்ற வதந்திக்கு இந்த மௌனமே உரம் போட்டது. விசாரணையில் சதி எதுவும் வெளியாகவில்லை. யாரோ அஜாக்கிரதையாகப் புகை பிடித்ததே காரணமாயிருக்கலாம் என்று கருதினார்கள்.

தங்கத்தில் பெரும்பகுதி மீண்டது. பல வருஷங்களுக்குப் பிறகும் துறைமுகத்தைத் தூர் வாரியவர்களுக்குப் பாளங்கள் அகப்பட்டதுண்டு. உயிரிழந்தவர்களின் தொகையைத்தான் ஒருவரும் திட்டமாகச் சொல்லவில்லை. 800-க்கு மேல் என்று சிலர் கணக்கிட்டனர். 1,300 என்றும் சிலர் சொன்னார்கள். காப்டன் நெய்ஸ்மித் அவர்களில் ஒருவர். குழாயைப் பிடித்தபடியே மாண்ட தீயணைப்பாளர்கள் 66 பேர். அவர்களை நினைத்தே ஏப்ரல் 14-ந் தேதி இந்தியா முழுவதும் தீயணைப்பாளர் தினமாக அனுசரிக்கப்படுகிறது.