நுழைவுத்தேர்வு மதிப்பெண் எதுவரை துணை வரும்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் இளம் அறிவியல் வகுப்புக்கு வந்தவர்கள் நம்மிடையே பலர் உளர். நானும் அவர்களுள் ஒருவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளும் நானே. "நீட்டில் எவ்வளவு?" என்ற கேள்வி இரண்டாண்டாகியும் எங்களை விட்டபாடில்லை. அந்த எண்ணுக்கு ஆயுள்தான் எவ்வளவு? சிறிது ஆராய்வோம்.

2025ஆம் ஆண்டுத் தேர்வில் வினாக்கள் 180. நேரம் 3 மணி. மொத்த மதிப்பெண் 720. சரியான விடைக்கு 4 கூடும். தவறான விடைக்கு 1 குறையும். ஆக, ஒரே வினாவில் தவறினாலும் சரியாக எழுதியவரைவிட 5 மதிப்பெண் பின்தங்க நேரும். இந்த எண் தரவரிசையில் இடம் பெற்றுத் தந்து, கல்லூரியில் சேர்த்துவிட்டதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஐந்தரை ஆண்டுப் படிப்பில் தேறப் பல்கலைக்கழகத் தேர்வுகள் வேறு. மேற்படிப்புக்கு நுழைவுத்தேர்வு வேறு.

அப்படியானால் சேர்க்கை மதிப்பெண் பிற்காலத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாதா? ஓரளவு சொல்லும். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவக் கல்லூரியில் 1975 முதல் 1982 வரை சேர்ந்த 511 மருத்துவர்களின் நிலையை 2002இல் ஆராய்ந்தனர். பள்ளியிறுதித் தேர்வில் உயர்ந்த தரம் பெற்றிருந்தவர்கள் பின்னாளில் சிறப்புத் தகுதித் தேர்வுகளை விரைவில் முடித்திருந்தனர். ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதையோ, பணிச்சுமையால் மனம் சோர்வதையோ அத்தரம் முன்கூட்டிக் காட்டவில்லை.

கனடாவில் 3,424 மருத்துவர்களைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. உரிமம் பெறுவதற்கான செய்முறைத் தேர்வில், நோயாளியிடம் பேசிப் பழகும் திறனுக்குக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள்மீது பின்னர் புகார்கள் மிகுதியாக வந்தன. நம் நுழைவுத்தேர்விலோ அத்திறனுக்கு ஒரு வினாவும் கிடையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆறடிக்கு மேற்பட்டவர்களை மட்டுமே கூடைப்பந்து அணியில் சேர்த்தால், அவர்களுக்குள் உயரம் பெரிய வேறுபாட்டைக் காட்டாது. அதனால் உயரமே பயனற்றது என்று சொல்லிவிட முடியுமா? தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை மட்டும் ஆராய்வதில் இக்குறை எப்போதும் உண்டு.

தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்கள் நுழைவுத்தேர்வின்றி, பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டன. அவ்வாறு சேர்ந்தவர்கள் இன்று மருத்துவர்களாகப் பணிபுரிகின்றனர். அளவுகோல் மாறியது, மருத்துவம் நின்றுவிடவில்லை.

உள்ளே சென்றவர்க்கு அந்த எண் நாளடைவில் மங்கிவிடுகிறது. வெளியே நின்றவர்க்கோ அதுவே இறுதித் தீர்ப்பாகிவிடுகிறது. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இத்தீர்ப்பு இன்னும் கடுமையானது. அரசுப் பள்ளி மாணவர்க்குத் தமிழ்நாடு 2020இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியதன் நியாயமும் இதுவே.

ஆகவே தோழர்களே, இடங்கள் குறைவாகவும் கேட்போர் மிகுதியாகவும் இருக்கும்வரை ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டும்தான். அதை இடம் பகிரும் கருவியாக மட்டும் கொள்வோம். மனிதரை நிறுக்கும் தராசாகக் கொள்ள வேண்டாம்.