வடிய வழியற்ற நிலம்

புவியியல் வகுப்பொன்றிலே வடதுருவத்தை அண்டிய நிலங்களைப்பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, கோடையில் அந்நிலங்கள் பெரும்பாலும் சதுப்பாகிக் கிடக்கும் என்று கூறினேன். பின்வரிசை மாணவனொருவன் எழுந்து, அங்கு மழை எவ்வளவு பெய்யும் என வினவினான். சைபீரியாவின் யாக்குட்ஸ்க் நகரிலே ஆண்டுக்குச் சுமார் 240 மில்லிமீற்றரே பெய்யும் என்றேன். எமது கிழக்குக் கரையோரத்திலோ 1,500 மில்லிமீற்றருக்கு மேற் பெய்கின்றது. "அவ்வளவு கொஞ்ச மழைக்கு ஏன் சேர் தண்ணி நிக்குது? அங்க முகத்துவாரம் வெட்ட ஆளில்லையா?" என்றான் அவன். வகுப்பு நகைத்தது, யானும் நகைத்தேன். ஆயினும் அன்று மாலை தில்லையாற்றங்கரையில் நின்று நோக்கியபோது, பாடநூல் பல பக்கங்களிற் கூற முயல்வதை அவன் ஒரு வினாவிலே தொட்டுவிட்டான் என்பது விளங்கிற்று. ஒரு நிலம் சதுப்பாவது அதன்மேல் விழும் நீரின் அளவினால் மாத்திரமன்று. விழுந்த நீர் வெளியேறும் வழி அடைபட்டிருப்பதனாலேயே பெரிதும் அவ்வாறாகின்றது.

வடநிலத்தில் அவ்வழியை அடைப்பது பனிக்கட்டி. இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ச்சியாகப் பூச்சியப் பாகை வெப்பநிலையிலோ அதற்குக் கீழோ இருக்கும் தரையை நிலையான உறைநிலம் என்பர். வடகோளத்து நிலப்பரப்பில் ஏறத்தாழக் காற்பங்கு உறைநில மண்டலத்துள் அடங்கும். அது எத்துணை ஆழமானது என்பதை முதன்முதல் உலகறியச் செய்தவர் ஒரு வணிகர். யாக்குட்ஸ்க்கிலே செர்கின் என்பார் குடிநீர்க் கிணறு வேண்டி 1828ஆம் ஆண்டு தோண்டத் தொடங்கினார். 1837இல் ஏறத்தாழ 116 மீற்றர் ஆழம் சென்றும் உறைந்த மண்ணே கண்டார், நீர் கிடைக்கவில்லை. பின்னர் மிடென்டோர்ஃப் என்னும் அறிஞர் அக்கிணற்றினுள் வெப்பநிலையை அளந்து ஆராய்ந்தார். நீர் தராத அக்கிணறு அறிவியலுக்குப் பெரும்பேறாயிற்று.

கோடையிலே மேற்படை மாத்திரம் சில அடி ஆழத்திற்கு இளகும். உருகிய பனிநீரும் பெய்த மழையும் அவ்விளகு படையினுள் இறங்கி, அடியிலுள்ள உறைபடையை முட்டி நின்றுவிடும். குளிராதலால் ஆவியாதலும் குறைவு. ஆகவே சொற்ப மழையும் சதுப்பாக்கப் போதுமானது.

ஆற்று வெள்ளச் சமவெளிகளில் இந்நிலைமை இன்னும் நுட்பமாகக் காணப்படும். அலாஸ்காவின் யூக்கொன், தனனா ஆறுகளை எடுத்துக்கொள்வோம். வெள்ளம் கரைகடந்து பாயும்போது பருமனான மணலை ஆற்றருகேயே இட்டுவிட்டு, நுண்ணிய வண்டலைத் தொலைவிற் கொண்டு சேர்க்கின்றது. ஆதலால் ஆற்றோரம் மேடாகி, நீர் வடியும் நிலமாகின்றது. ஆங்கே ஓங்கிய மரங்கள் வளர்கின்றன. சற்று அப்பாலுள்ள தாழ்நிலத்தில் நீர் தேங்கிப் பாசி படர்கின்றது. தடித்த பாசி கோடை வெயிலைக் கீழிறங்கவொட்டாது போர்வைபோற் காக்கின்றது, உறைபடை மேலெழுகின்றது, வடிச்சல் பின்னும் கெடுகின்றது, அதனாற் பாசி மேலும் தடிக்கின்றது. நிலம் தன்னைத்தானே சதுப்பாக்கிக்கொள்ளும் இச்சுழற்சி ஆண்டு பலவாய் நிகழ்வது.

அத்தகைய நிலத்தில் ஒரு குழி தோண்டினால் அடிமண் நீலஞ்சார்ந்த சாம்பல் நிறமாயிருக்கும். ஆலையடிவேம்பின் மேற்கேயுள்ள தாழ்ந்த வட்டைகளில் மண்வெட்டியால் இரண்டடி வெட்டினால் நாம் காண்பதும் அந்நிறமே. பனிப்பிரதேசத்துக்கும் வெப்ப வலயத்துக்கும் ஒரே நிறம் எங்ஙனம் வந்தது?

மண்ணுக்குச் செந்நிறத்தையும் மஞ்சள் நிறத்தையும் தருவது பெரும்பாலும் இரும்பு. காற்றோட்டமுள்ள மண்ணில் அது துருவின் நிலையில் இருக்கும். மண்துளைகளை நீர் நிரப்பிவிட்டால் ஒட்சிசன் உட்புகுதல் மிக அரிதாகும். நீரினூடாக அது பரவும் வேகம் காற்றினூடாகப் பரவும் வேகத்திற் பத்தாயிரத்தில் ஒரு பங்களவே. எஞ்சிய ஒட்சிசனை நுண்ணுயிர்கள் விரைவில் உண்டு தீர்த்துவிடுகின்றன. அதன்பின் அவை நைத்திரேற்றையும் மங்கனீசையும் துருவிரும்பையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றுகின்றன. தாழ்த்தப்பட்ட இரும்பு நிறமிழந்து நீரிற் கரைகின்றது. மண் வெளிறிச் சாம்பலாகின்றது. இரசிய உழவரின் வழக்குச் சொல்லைக் கொண்டு இதற்குக் 'கிளேய்' எனப் பெயரிட்டவர் விசோத்ஸ்கி, ஆண்டு 1905. இலங்கை மண்களை மூர்மனும் பானபொக்கேயும் 1961இல் வகைப்படுத்தியபோது, எமது பள்ளநிலங்களிற் பரந்த ஒரு கூட்டத்தை உக்கல் குறைந்த கிளேய் மண் என வகுத்தனர். மேட்டிற் செம்மை அல்லது கபிலம், பள்ளத்திற் சாம்பல் என இந்நிறங்கள் சரிவோடு மாறிச் செல்வதை, வயலுக்குள் இறங்கி நடப்பவர் எவரும் கண்ணாற் காணலாம்.

இங்கே மாணவர் செய்து பார்க்கத்தக்க ஒரு சிறு சோதனை உண்டு. வடிச்சல் வாய்க்காலில் எண்ணெய்போல மினுங்கும் ஏடு மிதப்பதைக் கண்டு, உழவு இயந்திரத்து எண்ணெய் சிந்திற்றெனப் பலர் கருதுவர். ஒரு குச்சியால் அதைக் கலைக்க வேண்டும். எண்ணெயாயின் உடனே மீண்டும் கூடிவிடும்; இரும்பாயின் மெல்லிய தகடுபோற் சில்லுச்சில்லாக உடையும்.

எமது நிலத்திலே வழியை அடைப்பவை உறைபடைக்கு ஈடான வேறு தடைகள். கல்முனையிலிருந்து பொத்துவில் நோக்கிச் செல்லும் பாதையின் அயலிலே ஊர்கள் கடலோர மணல்மேட்டில் வரிசையாக அமைந்துள்ளன. அம்மேட்டின் பின்னே களப்பும் பள்ள வயல்களும் கிடக்கின்றன. மண் களி, சரிவோ மிகக் குறைவு. பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்பின், மேற்கண்டங்களின் வடிச்சலும் கீழ்நோக்கி வந்து சேர்கின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடல் அலை முகத்துவாரத்தில் மணற்றிட்டை எழுப்பிவிடுகின்றது. வடகீழ்ப் பருவமழை மிகும்போது சின்ன முகத்துவாரத்தை வெட்டிவிடுமாறு உழவர் வேண்டுவது இதனாலேயே. 2011ஆம் ஆண்டு சனவரி வெள்ளத்திற் கிழக்கு மாகாணத்து வயல்கள் பட்ட பாட்டைக் கண்டவர் அவ்வேண்டுகோளை மிகையென்னார். பால்கட்டும் பருவத்து வேளாண்மை நீரினுட் கிடந்து அழுகும் மணத்தை அவ்வாண்டு யானும் நுகர்ந்தேன். எங்கள் குடும்பத்து மூன்று ஏக்கரில் விதைநெல் தானும் மிஞ்சவில்லை.

அங்ஙனமாயின் நீர் நிற்பதே தீமை எனக் கொள்ளலாமோ? கொள்ளலாகாது. வெள்ளத்தில் ஆழ்ந்த மண்ணின் இரசாயனத்தை உலகுக்கு விளக்கியவர் நம் நாட்டவராகிய பெலிக்ஸ் பொன்னம்பெரும. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய அவர் 1972இல் வெளியிட்ட நெடுங்கட்டுரை இன்றும் இத்துறையின் மூலநூலாகப் போற்றப்படுகின்றது. மண் நீரில் ஆழ்ந்து சில வாரங்களில் அமில மண்ணின் புளிப்புக் குறைந்து நடுநிலையை நெருங்கும். இரும்போடு பிணைந்து கிடந்த பொசுபரசு விடுபட்டுப் பயிருக்கு எட்டும். களைகள் பலவும் மடியும். நெல்லோ தன் தண்டினுள் அமைந்த காற்றுக்குழாய்கள் வழியாக வேருக்கு ஒட்சிசனை அனுப்பிக்கொள்கின்றது. பள்ளவயல் நெல்லைப் பிடுங்கிப் பார்த்தால் வேரைச் சுற்றித் துருநிறம் படிந்திருப்பது அக்காற்றின் தடமே. பிற தானியங்களுக்கு நஞ்சாகும் நிலம் நெல்லுக்கு வாழ்விடமாயிற்று.

ஆனால் அளவு கடந்தால் நெல்லும் தாங்காது. இரும்பும் மிகுந்து, அழுகிய முட்டை நாறும் ஐதரசன் சல்பைட்டும் உண்டாகுமானால் வேர்கள் கறுத்துவிடும். பயிரின் நடுப்பருவத்திற் சில நாள் நீரை வடித்துச் சேற்றை இறுகவிட்டுப் பின் பாய்ச்சுதல் இதற்குப் பரிகாரம். மெதேன் வாயு வெளியேறுவதும் அதனாற் குறையும். வடிச்சல் வாய்க்கால் தூர்ந்த வட்டையில் இப்பரிகாரத்தைச் செய்ய இயலாது. வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் வராத உழவரைக் கூட்டத்திற் கண்டிக்கும் வட்டவிதானையின் கோபத்துள் இத்தனை இரசாயனமும் அடங்கியிருக்கின்றது.

அடைப்பை அகற்றுவதிலும் இடர் உண்டு. முகத்துவாரத்தை அளவுக்கு மிஞ்சி வெட்டினாற் களப்பு வற்றும். மீனும் இறாலும் குறையும். கடல்நீர் உட்புகுந்து தாழ்ந்த வயலை உவராக்கும். எங்கே, எப்போது, எவ்வளவு அகலம் என்பதில் உழவரும் மீனவரும் மாறுபடுவது இயல்பே. இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டென்றே யான் கருதுகிறேன். அலாஸ்காவிற் காட்டையும் பாசியையும் அகற்றி வேளாண்மை செய்தோரும் இத்தகைய இடரைக் கண்டனர். உறைபடை கீழிறங்கிச் சில ஆண்டுகளில் வடிச்சல் சீரான இடங்களும் உண்டு. மண்ணுட் புதைந்திருந்த பனிக்கட்டி ஆப்புகள் உருகியமையால் வயலெங்கும் குழி விழுந்த இடங்களும் உண்டு. இன்று அவ்வுருகுதல் எவரும் வெட்டாமலே உலக வெப்ப உயர்வினால் நிகழ்கின்றது. வளிமண்டலத்தில் உள்ளதைப்போல ஏறத்தாழ இருமடங்கு காபன் உறைநில மண்டலத்திற் புதைந்துள்ளது. அது காபனீரொட்சைட்டாகவும், நீர்தேங்கிய இடத்தில் மெதேனாகவும் வெளிவரத் தொடங்கியிருக்கின்றது.

அம்மாணவனுக்கு அடுத்த பாடத்தில் விடை கூறினேன். பின்னர் வகுப்பையே வட்டைக்கு அழைத்துச் சென்று இரண்டடிக் குழியொன்று தோண்டுவித்தேன். வெட்டியெடுத்த சாம்பல் நிறக் கட்டியொன்றை அவன் பாடசாலைக்குக் கொண்டுவந்து யன்னலோரம் வைத்தான். சில நாட் கழித்துப் பார்த்தபோது அதன் மேற்புறமும் பழைய வேர்த்துளைகளின் ஓரமும் செம்மஞ்சளாக மாறியிருந்தன. உடைத்துக் காட்டினான், உள்ளே இன்னும் சாம்பலாகவே இருந்தது.