நீதிபதி உடன்படாதபோது

2000 டிசம்பர் 12. அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடா வாக்குகளை மீண்டும் எண்ணும் பேச்சுக்கே அமெரிக்க உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. அதை ஏற்காத நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், தன் தீர்ப்பை ‘ஐ டிஸென்ட்’ என்று முடித்தார். மாறுபடுகிறேன், அவ்வளவுதான். ‘ரெஸ்பெக்ட்ஃபுல்லி’ என்று மரியாதைக்கு ஒரு சொல் சேர்ப்பது அங்கே வழக்கம். அன்று அது இல்லாததைப் பலரும் கவனித்தார்கள்.

பெரும்பான்மைக்கு உடன்படாத நீதிபதி தன் பெயரில் எழுதும் தனித் தீர்ப்புதான் டிஸென்ட். வழக்கின் முடிவை அது மாற்றாது. ஆனாலும் பெரும்பான்மைத் தீர்ப்போடு சேர்ந்தே அச்சாகும். இந்த உரிமை எல்லா இடங்களிலும் இருந்ததில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மேல்முறையீடுகள் போய்ச் சேர்ந்த லண்டன் பிரிவி கவுன்சிலில் 1966 வரை ஒரே குரல்தான். உள்ளே யார் மறுத்தார் என்று தோற்றவருக்குக்கூடத் தெரியாது. நம் மேல்முறையீடுகளோ 1949-லேயே நின்றுவிட்டன.

என்னை மிகவும் பாதித்தது 1941-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் நீதிபதி அட்கின் பிரபு எழுதிய மாறுபட்ட தீர்ப்பு. போர்க்காலம். லிவர்சிட்ஜ் என்பவரை விசாரணையின்றி அடைத்துவைத்தார் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் ஜான் ஆண்டர்சன். (வங்காளத்தின் ஆளுநராக இருந்த அதே ஆண்டர்சன்தான்.) நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் அடைக்கலாம் என்றது விதி. காரணம் இருப்பதாக அமைச்சர் நினைத்தாலே போதும் என்றார்கள் நான்கு நீதிபதிகள். அட்கின் மட்டும் மறுத்தார். ஒருவருக்குக் கணுக்கால் முறிந்திருந்தால் என்பதும், முறிந்திருப்பதாக அவர் நினைத்தால் என்பதும் ஒன்றாகுமா என்று கேட்டார். சொற்களைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கும் ஹம்ப்டி டம்ப்டியையும் துணைக்கு அழைத்தார். அந்தப் பகுதியை நீக்கிவிடுமாறு லார்ட் சான்சலர் சைமன் பிரபு கேட்டுக்கொண்டும் அவர் இணங்கவில்லை. நீக்காதது சரி, ஆயுதங்களின் இரைச்சலிலும் சட்டம் வாய் மூடக்கூடாது என்று எழுதியவர், சக நீதிபதிகளின் சங்கடத்துக்காக எப்படிப் பின்வாங்குவார்? பெரும்பான்மை சொன்னது தவறு, அட்கின் சொன்னதே சரி என்று 1979-இல் டிப்ளாக் பிரபு அதே சபையில் சொன்னார். அட்கின் இறந்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தியாவில் அந்த இடம் உச்ச நீதிமன்ற நீதிபதி எச்.ஆர்.கன்னாவுக்கு உரியது. நெருக்கடி நிலையின்போது, அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமை அரசியல் சாசனம் வழங்கிய கொடை மட்டுமே அன்று என எழுதி, கன்னா தனியாக நின்றார். அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவரான எம்.எச்.பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1976 தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் அடைபட்டவர்களுக்குச் சிறைக் கதவைத் திறந்தது எந்த நீதிமன்றமும் அல்ல, 1977 தேர்தல்தான்.