தலையெழுத்தைப் படிப்போம்!

"மூக்கிலே கோளாறு, மூக்குக்கு வைத்தியம் பார்க்கட்டும். தலையை எதற்குப் படம் பிடிக்க வேண்டும்? காசு பறிக்கும் வழிதானே இது?"

பென்னாகரத்துத் தோழர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. ஆண்டுக்கணக்கில் மூக்கடைப்பு, ஓயாத தலைவலி, குழம்பு வாசனைகூடத் தெரியவில்லை. மருந்து பல சாப்பிட்டும் குணமில்லை. அறுவை சிகிச்சைதான் வழி, அதற்குமுன் சி.டி. ஸ்கேன் வேண்டும் என்றார் மருத்துவர். தோழருக்குச் சினம்!

கேட்டது குற்றமல்ல. உழைத்துச் சேர்த்த காசு. ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நில்லாமல் எழுந்து வருவது பகுத்தறிவாகுமா? பதிலைச் சொல்லுவோம்.

ஒகேனக்கல் பரிசல்காரரைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கு மேலே தெரியும் பாறையைக் கண்டு அவர் அஞ்சுவதில்லை. அடியிலே எந்தப் பாறை எங்கே கிடக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறாரே, அந்த அறிவிலேதான் நம் உயிர் மிதக்கிறது!

மூக்கினுள் நுழையும் மருத்துவரும் அப்படித்தான். முகத்திலே கத்தி படாமல், மூக்குத் துளை வழியாகவே எண்டோஸ்கோப் எனும் விளக்குக் குழாயைச் செலுத்துகிறார். எதிரே இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியும். எலும்புச் சுவருக்கு அப்பால் இருப்பது?

பக்கச் சுவருக்கு அப்பால் கண்! அந்தச் சுவருக்கு மருத்துவ நூலார் இட்ட பெயரே 'தாள் போன்ற தகடு'. கூரைக்கு மேலே மூளை! பின்கோடியிலே பார்வை நரம்பும், மூளைக்குக் குருதி கொண்டுபோகும் பெருங்குழாயும்!

சரி, எல்லா மனிதருக்கும் ஒரே அமைப்புத்தானே என்பீர்கள். இல்லை, தோழர்களே! 1962-ல் கெரோஸ் எனும் ஆராய்ச்சியாளர் அளந்து சொன்னார்: மோப்ப நரம்பு தங்கும் குழி சிலருக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம், சிலருக்கு 4 முதல் 7, இன்னும் சிலருக்கு 8 முதல் 16! குழி ஆழமாக ஆக, அதன் மெல்லிய பக்க எலும்பு கருவி படும் இடத்திலே நிற்கிறது. ஒரே ஆளுக்கு இடப்புறம் ஒருவிதம், வலப்புறம் வேறுவிதமாகவும் இருக்கும். ஆளுக்கு ஆள் வேறு ஆறு, வேறு பாறை! தவறினால் மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கு வழியே கசியும், பார்வையும் பறிபோகும்.

அதனால்தான் படம். கிழங்கை வில்லை வில்லையாக அரிவதுபோல், கத்தியில்லாமல், ஊடுகதிரால் தலையை அரிந்து காட்டுகிறது கருவி. முன்னிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து என்று மூவகைக் காட்சி. பயணத்துக்கு முன்பே பாறை தெரிந்துவிடுகிறது!

கண்டுபிடித்தவர் யார்? காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. இங்கிலாந்து நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனியின் பொறியாளர். 1971 அக்டோபர் 1-ஆம் நாள், லண்டனில் ஒரு பெண்மணியின் தலையை அவர் கருவி படம் பிடித்தது. 1979-ல் ஆலன் கார்மாக்குடன் நோபல் பரிசும் பெற்றார்.

மண்டையோட்டிலே பிரம்மன் எழுதியிருக்கிறான், அதை மாற்ற எவராலும் ஆகாது என்றார்கள். உழவர் மகன் மண்டையோட்டைப் படித்தே காட்டிவிட்டார். அங்கே எழுத்து இல்லை, எலும்பு இருந்தது!

ஒன்று மட்டும் எச்சரிக்கை. சளி பிடித்தவருக்கெல்லாம் இந்தப் படம் தேவையில்லை. ஊடுகதிர் விளையாட்டுப் பொருளல்ல. மருந்துக்கு மசியாமல் அறுவை என்று முடிவாகும்போதுதான் இது கட்டாயம். அப்போது கேளுங்கள்: "என் கூரை எவ்வளவு ஆழம்? கண்ணருகே சுவர் எப்படி?" படத்தைப் பத்திரமாக வையுங்கள்; அறுவை நாளன்று மறவாமல் கொண்டு போங்கள்.

அரசுக்கும் ஒரு சொல். 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்த நம் தருமபுரிக்கு 2008-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மகிழ்ச்சி! ஆனால் கருவி மட்டும் இருந்தால் போதாது. அது நாளும் ஓட வேண்டும். படத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அரூர்க் கூலித் தோழர் ஒரு படத்துக்காக மூன்று நாள் கூலியை இழக்காதிருக்க வேண்டும். சீமானின் கண்ணுக்கும் தாள் சுவர்தான். கூலிக்காரன் கண்ணுக்கும் அதே தாள் சுவர்தான்! காவலில் மட்டும் வேற்றுமை எதற்கு?

பென்னாகரத்துத் தோழர் பொறுமையாகக் கேட்டார். "நாளைக்கே போகிறேன், கூட வருகிறீர்களா?" என்றார்.

போகிறோம்!